டெமோவில் எல்லாத் தீம்களும் அழகுதான்

வலைத்தளத்துக்கு முகம் கொடுக்கும் ஆயத்தத் தொகுப்பான தீமை அதன் டெமோ பக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் படங்களை எடுத்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சும்? அகலமான நல்ல புகைப்படங்கள், மூன்று சொல்லில் முடிந்துவிடும் தலைப்புகள், ஒரே வரியில் அடங்கும் மெனு, எல்லாப் பதிவுக்கும் அளவெடுத்த மாதிரி ஒரே நீளத்தில் சுருக்கம். இவற்றில் எதுவும் தீமுக்குச் சொந்தமில்லை. தளத்தில் நிறுவி நம் சரக்கை ஏற்றியதும் அழகில் பாதி காணாமல் போவது அதனால்தான். குறை தீமில் இல்லை, நாம் பார்த்துத் தேர்ந்தெடுத்த விதத்தில் இருக்கிறது.

தீம் செய்கிற வேலை இரண்டு. எந்தப் பக்கத்தை எந்த டெம்ப்ளேட்டால், அதாவது எந்த வார்ப்புக் கோப்பால், கட்டுவது என்று முடிவு செய்வது ஒன்று. கட்டிய பக்கத்துக்கு நிறம், எழுத்துரு, இடைவெளி கொடுப்பது இன்னொன்று. டெமோவில் நம் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது மட்டுமே. முதல் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் கோப்புகளைத் திறக்க வேண்டும், மாற்ற வேண்டும், உடைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் தளத்தை நம் கணினிக்குள்ளேயே ஓட்டிக் காட்டும் ஒரு லோக்கல் சர்வர். வாசகர்கள் வந்து போகும் தளத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

தீம் என்றால் பக்கத்தின் தோற்றத்தை விதிக்கும் சிஎஸ்எஸ் என்று பலர் நினைப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. 2003இல் டேவ் ஷே தொடங்கிய 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்ற தளம், உள்ளடக்கத்தைத் தாங்கும் ஒரே எச்டிஎம்எல் பக்கத்தை வைத்துக்கொண்டு, சிஎஸ்எஸ் கோப்பை மட்டும் மாற்றி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தோற்றங்களைக் காட்டியது. உள்ளடக்கம் வேறு, தோற்றம் வேறு என்பதை ஒரு தலைமுறைக்கே புரிய வைத்த முயற்சி அது. ஆனால் அங்கே இருந்தது ஒரே ஒரு பக்கம். உண்மையான தளத்தில் முகப்பு, தனிப் பதிவு, வகைப் பட்டியல், தேடல் முடிவு, 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 எனப் பல இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேறு கட்டமைப்பு வேண்டும். சிஎஸ்எஸ் அங்கே பாதி வழிதான் வரும்.

வலைத்தளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸை எடுத்துக்கொண்டு பேசுகிறேன், பலருக்கும் பழக்கமானது அது என்பதால். 2003 மே மாதம் அதன் முதல் பதிப்பு வந்தபோது தீம் என்ற ஒன்றே கிடையாது. தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் இன்டெக்ஸ் கோப்பிலும் அதன் சிஎஸ்எஸ்ஸிலும் நேரடியாகக் கைவைக்க வேண்டும். 2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்புதான் தீம்களைத் தனி ஃபோல்டர்களாகப் பிரித்தது. நாம் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக வரும் இயல்புத் தீமாகக் கூடவே வந்தது மைக்கேல் ஹைல்மன் வடிவமைத்த 'கியூப்ரிக்'. மேலே நீலப் பட்டை போட்ட அந்த முகத்தை அந்தக் காலத்து வலைப்பதிவுகளைப் படித்த யாரும் மறந்திருக்க முடியாது. 2010இல் 'ட்வென்டி டென்' வரும்வரை அதுதான் இயல்புத் தீமாக இருந்தது.

டெம்ப்ளேட்களுக்கு வருவோம். பழைய பாணி வேர்ட்பிரஸ் தீம் ஒன்று இயங்க இரண்டே கோப்புகள் போதும்: ஸ்டைல்.சிஎஸ்எஸ், இன்டெக்ஸ்.பிஎச்பி. முதல் கோப்பின் தலையில் குறிப்புரையாகத் தீமின் பெயரை எழுதினால் போதும், அது நிர்வாகப் பக்கத்தின் தீம் பட்டியலில் வந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இந்த இரண்டு கோப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். நூற்றுக்கணக்கான கோப்புகள் கொண்ட தீம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே கைவைப்பது என்று தேடுவதை விட இது ஆயிரம் மடங்கு மேல். அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் தளத்தின் எல்லாப் பக்கமும் அந்த ஒற்றை இன்டெக்ஸ் கோப்பின் வழியாகவே வருவதைப் பார்க்கும்போது ஒரு விஷயம் பிடிபடும்: மற்ற டெம்ப்ளேட்கள் எல்லாம் கூடுதல் வசதி மட்டுமே.

அந்தக் கூடுதல்களுக்கு ஒரு வரிசை உண்டு. 'அபவுட்' என்ற முகவரி கொண்ட ஒரு பக்கத்தை யாரோ கேட்கிறார்கள் என்று வையுங்கள். அந்தப் பக்கத்துக்கென்று தொகுப்பாளர் தனியாக ஒரு டெம்ப்ளேட் தேர்ந்தெடுத்திருக்கிறாரா என்று வேர்ட்பிரஸ் முதலில் பார்க்கும். இல்லையென்றால் பேஜ்-அபவுட் என்று ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடும். அதுவும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தின் எண்ணோடு ஒரு கோப்பு, பேஜ்-42 என்பது போல. அப்புறம் பொதுவான பேஜ், அதற்கடுத்து சிங்குலர், கடைசியில் இன்டெக்ஸ். அளவெடுத்துத் தைத்த சட்டை இருந்தால் அது, இல்லாவிட்டால் கடையில் வாங்கியது, எதுவும் இல்லாவிட்டால் யாருக்கும் பொருந்தும் போர்வை. வகைப் பக்கங்களுக்கும் இதே போக்குதான்: அந்த வகையின் பெயரோடு உள்ளது, எண்ணோடு உள்ளது, கேட்டகரி, ஆர்க்கைவ், இன்டெக்ஸ்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு டெம்ப்ளேட்டின் தொடக்கத்திலும் அதன் பெயரை ஓர் எச்டிஎம்எல் குறிப்புரையாக எழுதிவையுங்கள். உலாவியில் பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் இந்தப் பக்கத்தைக் கட்டியது யார் என்று தெரிந்துவிடும். 'குவரி மானிட்டர்' போன்ற பிளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், இதை இன்னும் நேர்த்தியாகச் சொல்லும், ஆனால் கையால் எழுதிப் பார்ப்பதில் கிடைக்கும் தெளிவு வேறு. சிங்கிள் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஒரு பதிவைத் திறந்து பாருங்கள். பக்கம் அழியாது. ஒரு படி கீழே உள்ள டெம்ப்ளேட் அமைதியாக வேலையை எடுத்துக்கொள்ளும்.

பெயர்களில் ஒரு குழப்பம் மட்டும் இன்றுவரை எல்லோரையும் சுற்றலில் விடுகிறது. ஹோம்.பிஎச்பி முகப்புப் பக்கத்துக்கானது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது பதிவுப் பட்டியலுக்கானது. நிலையான பக்கம் ஒன்றை முகப்பாக வைத்துவிட்டுப் பதிவுகளை வேறொரு பக்கத்துக்கு நகர்த்தினால், ஹோம் கோப்பும் அவற்றோடு கிளம்பிப் போய்விடும். முகப்புக்கான கோப்பு ஃப்ரன்ட்-பேஜ். பழைய பெயரை மாற்றினால் பழைய தீம்கள் உடையும் என்பதால் அப்படியே இருக்கிறது.

இந்த டெம்ப்ளேட்கள் எழுதப்படும் நிரல்மொழியான பிஎச்பியே ஒரு டெம்ப்ளேட் கருவியாகப் பிறந்ததுதான். 1995இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காகச் செய்த சிறு கருவிகளை வெளியிட்டார். எச்டிஎம்எல்லுக்கு நடுவே துளை போட்டு, அந்த இடத்தில் மட்டும் நிரலை ஓட்டும் பழக்கம் அதன் வழியே பரவியது. அதன் நன்மையும் அதுதான், தொல்லையும் அதுதான். வேர்ட்பிரஸ்ஸின் ஹெடர் கோப்பில் ஒரு 'டிவ்' என்ற பெட்டிக்குறி திறக்கும், ஃபுட்டர் கோப்பில் மூடும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அரைகுறை எச்டிஎம்எல். சைடுபாரை நகர்த்தும்போது ஒரு மூடும் குறி விட்டுப்போனால் பக்கம் முழுக்கச் சரிந்து நிற்கும், காரணமோ மூன்றாவது கோப்பில் இருக்கும். ஜாங்கோ, ஜின்ஜா, ட்விக் ஆகிய பிற டெம்ப்ளேட் மொழிகளில் வேறு முறை. முழுப் பக்கத்துக்கும் ஓர் அடிப்படை டெம்ப்ளேட், அதில் பெயர் சூட்டிய கட்டங்கள். மற்ற டெம்ப்ளேட்கள் தமக்கு வேண்டிய கட்டத்தை மட்டும் நிரப்பும். திறப்பதும் மூடுவதும் ஒரே கோப்பில். எனக்கு இதுதான் பிடிக்கும். வேர்ட்பிரஸ் போலவே தளம் நடத்தும் மென்பொருளான டிரூபல் 2015இல் தன் எட்டாம் பதிப்பில் ட்விக்குக்கு மாறியதில் ஆச்சரியமே இல்லை.

இதையெல்லாம் செய்து பார்க்க இடம் வேண்டுமே. எச்டிஎம்எல் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தாலே உலாவியில் திறக்கிறதே, சர்வர் எதற்கு என்று கேட்கலாம். அப்படித் திறக்கும்போது முகவரி 'ஃபைல்' என்று தொடங்கும். சாய்கோட்டில் தொடங்கும் பாதைகள் தளத்தின் வேரைக் காட்டாமல் வட்டின் வேரைக் காட்டும், அதனால் படமும் சிஎஸ்எஸ்ஸும் வராது. ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல்களை உலாவி தடுத்துவிடும். பிஎச்பி கோப்பை ஓட்ட அங்கே ஆளே இல்லை.

லோக்கல் சர்வர் என்பது இந்த இடைவெளியை அடைக்கும் ஒரு நிரல், அவ்வளவுதான். உலாவி 127.0.0.1 என்ற முகவரியில் 80ஆம் போர்ட்டை, அதாவது கணினியின் எண்ணிட்ட வாசலை, தட்டுகிறது. அப்பாச்சி என்ற சர்வர் நிரல் கதவைத் திறக்கிறது, பிஎச்பியிடம் வேலையைக் கொடுக்கிறது, பிஎச்பி 3306ஆம் போர்ட்டில் இருக்கும் டேட்டாபேஸிடம் பதிவுகளைக் கேட்டு வாங்கி எச்டிஎம்எல்லாகத் திருப்பித் தருகிறது. கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே இயந்திரத்துக்குள். 127 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாமே இப்படித் தன்னைத் தானே சுட்டுவதற்காக ஒதுக்கப்பட்டவை. 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் வரும், நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் ஒன்றைத்தான். இன்றைய முகவரிப் பஞ்சத்தில் அதை நினைத்தால் கொஞ்சம் வயிறு எரியும்.

எதை நிறுவுவது? எக்ஸ்ஏஎம்பிபி இன்னும் நல்ல தொடக்கம்தான். அப்பாச்சி, மரியாடிபி டேட்டாபேஸ், பிஎச்பி, பெர்ல் எல்லாம் ஒரே மூட்டையில் வரும். எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் கோப்பைப் போட்டால் உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டிப் பார்த்துவிடலாம். அப்பாச்சி கிளம்ப மறுத்தால் வேறு ஏதோ நிரல் 80ஆம் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். 8080க்கு மாற்றினால் தீர்ந்தது. வெறும் டெம்ப்ளேட் மட்டும் பார்க்க இத்தனையும் வேண்டாம். பிஎச்பியிலேயே 5.4 பதிப்பிலிருந்து ஒரு சிறிய சர்வர் இருக்கிறது, ஒரு வரிக் கட்டளையில் ஓடும். பைத்தானிலும் அப்படி ஒன்று உண்டு, ஆனால் அதில் கவனம் தேவை: கட்டளையில் 127.0.0.1 என்று குறிப்பிடாவிட்டால் அது அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோருக்கும் ஃபோல்டரைத் திறந்து காட்டும். எதையுமே நிறுவ மனமில்லாதவர்களுக்கு வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட். பிஎச்பி முழுவதையும் உலாவிக்குள்ளேயே ஓட்டிவிடுகிறது. தீம் ஒன்றை மேலோட்டமாக உரசிப் பார்க்க அதை விட வேகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட தளங்கள் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைக்கத் தோன்றும். பெயரையும் முகவரியையும் இணைத்து வைக்கும் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், எந்தப் பெயரையும் 127.0.0.1க்குத் திருப்பலாம். எந்தப் பெயரையும் என்பதுதான் வம்பு. '.டெவ்' என்று முடியும் பெயர்களை உலகம் முழுக்க டெவலப்பர்கள் இப்படி இஷ்டத்துக்கு வைத்திருந்தார்கள். அதுவோ கூகுள் கையில் இருந்த உண்மையான டொமைன் முடிவு. 2017 இறுதியில் குரோம் 63 வந்தபோது '.டெவ்' என்று முடியும் எல்லா முகவரியையும் கட்டாயமாக, சான்றிதழ் கேட்கும் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பத் தொடங்கியது. சான்றிதழ் இல்லாத லோக்கல் தளங்கள் எல்லாம் ஒரே அப்டேட்டில் திறக்காமல் போயின. இதற்கென்றே '.டெஸ்ட்' என்ற முடிவு 1999 முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. யாரும் அதை விலைக்கு வாங்க முடியாது. பேசாமல் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த ஆசை, தளம் கைபேசியில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. கணினியின் நெட்வொர்க் முகவரியைக் கைபேசியில் தட்டுகிறோம். எழுத்து வருகிறது, அலங்காரம் எதுவும் வரவில்லை. காரணம் எளிது. வேர்ட்பிரஸ் தன் முகவரி லோக்கல்ஹோஸ்ட் என்று டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கிறது. சிஎஸ்எஸ்ஸை லோக்கல்ஹோஸ்ட்டிலிருந்து எடுத்துக்கொள் என்று பக்கம் சொல்கிறது, கைபேசியும் சொன்ன பேச்சைக் கேட்டுத் தனக்குள்ளேயே தேடுகிறது. கான்ஃபிக் கோப்பில் தள முகவரியாக நெட்வொர்க் முகவரியைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

பக்கத்தைத் துண்டு துண்டாக அடுக்கிக் கட்டும், இப்போது வருகிற பிளாக் தீம்களில் குழப்பம் வேறு மாதிரி. 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்த 'ட்வென்டி ட்வென்டி-டூ'தான் அந்த வகையில் முதல் இயல்புத் தீம். டெம்ப்ளேட்கள் பிஎச்பியாக இல்லாமல் எச்டிஎம்எல் கோப்புகளாக இருக்கும். நிறம், எழுத்துரு அளவு, அகலம் எல்லாம் தீம்.ஜேசன் என்ற ஒரே கோப்பில். ஒரு நிறத்தை அங்கே மாற்றினால் தளம் முழுக்க மாறுவது நிஜமாகவே சுகம். ஆனால் நிர்வாகப் பக்கத்தின் சைட் எடிட்டரில் ஒரு டெம்ப்ளேட்டைத் தொட்டுச் சேமித்துவிட்டால், அந்த மாற்றம் கோப்பில் போய் உட்காராது. டேட்டாபேஸில் உட்காரும். அதன் பிறகு கோப்பை எவ்வளவு திருத்தினாலும் திரையில் ஒன்றும் அசையாது, டேட்டாபேஸ் பிரதிக்குத்தான் முன்னுரிமை. சேமித்து வைத்த பழைய பிரதியான கேஷ்தான் காரணம் என்று உலாவியோடு மல்லுக்கட்டுவதற்கு முன், சைட் எடிட்டரில் அந்த டெம்ப்ளேட் திருத்தப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அந்தத் திருத்தத்தை நீக்கினால் கோப்பு மறுபடி பேசத் தொடங்கும். பழைய தீம்களில் இந்தத் தொல்லை இல்லை. கோப்பில் இருந்தது திரையில் இருந்தது.

பிறர் எழுதிய தீமில் மாற்றம் செய்வதானால், அதைத் தொடாமல் அதன்மேல் நிற்கும் சைல்டு தீம்தான் வழி, இதில் இரண்டாவது கருத்தே கிடையாது. தாய்த் தீமின் ஃபோல்டர் பெயரை ஸ்டைல் கோப்பின் தலையில் ஒரு வரியாக எழுதிவிட்டு, மாற்ற வேண்டிய டெம்ப்ளேட்டை மட்டும் நகலெடுத்துக்கொண்டால் போதும். ஃபங்ஷன்ஸ் கோப்பு மட்டும் விதிவிலக்கு. சைல்டில் இருப்பது தாயினுடையதை மாற்றாது, இரண்டும் ஓடும், சைல்டினுடையது முதலில்.

எதை வைத்துச் சோதிப்பது என்பது பலர் தாண்டிப் போகும் இடம். வேர்ட்பிரஸ் தரப்பிலேயே தீம் சோதனைக்கான மாதிரித் தரவு கிடைக்கிறது. மிக நீளமான தலைப்பு, தலைப்பே இல்லாத பதிவு, ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கும் பின்னூட்டங்கள் என்று குறும்புத்தனமாகத் தொகுத்திருக்கிறார்கள். நல்லது, ஆனால் அது ஆங்கிலம். தமிழில் எழுதப் போகிறவர் தமிழை ஏற்றித்தான் பார்க்க வேண்டும். தீமோடு வரும் அழகான எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம், ஆண்ட்ராய்டில் நோட்டோ என்று அந்தந்தக் கருவி தன் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். அதனால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நாமே இணைத்துவிடுவது மேல். லத்தீன் எழுத்துக்கென்று வைத்த வரி இடைவெளியில் தமிழின் மேல் விலங்கும் கீழ்க் கொம்பும் நெருக்கியடிக்கும். 1.7க்குக் குறைவாக நான் வைப்பதில்லை. தலைப்புகளில் எழுத்துகளை நெருக்கி வைக்கும் நாகரிகத்தைத் தமிழுக்கு நீக்கிவிடலாம். 'ஒருங்கிணைக்கப்பட்டிருக்கிறது' போன்ற ஒரு சொல் கைபேசித் திரையைப் பிதுக்கிக்கொண்டு வெளியே போகாமலிருக்க, நீண்ட சொல்லை உடைக்க அனுமதிக்கும் ஒரு சிஎஸ்எஸ் வரியையும் சேருங்கள். வேர்ட்பிரஸ்ஸின் தானியங்கிச் சுருக்கம் 55 சொல். ஆங்கிலத்தில் அது சின்னப் பத்தி, தமிழில் அது பாதித் திரை. டெமோவில் சதுரமாக நின்ற அட்டைகள் தூண்களாக வளர்வதன் ரகசியம் இதுதான்.

முகவரிகளும் தமிழில் வைப்பதானால் இன்னொரு கணக்கு இருக்கிறது. பதிவின் முகவரிச் சொல்லுக்கு டேட்டாபேஸில் 200 இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் மூன்று பைட், விழுக்காட்டுக் குறியோடு எழுதும்போது ஒன்பது இடம். ஆக 22 குறியீடுகள்தான் அடங்கும். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மூன்று சொல்லைத் தாண்டுவதே கடினம். தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். முகவரியைச் சுருக்கமாக நாமே எழுதிவிட வேண்டும்.

எல்லாம் சரியாக வந்தபின் உண்மையான சர்வருக்கு மாற்றும் நாள். விண்டோஸிலும் மேக்கிலும் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் கோப்புப் பெயரில் பொதுவாகப் பேதமில்லை, லினக்ஸில் உண்டு. இங்கே வந்த படம் அங்கே வராவிட்டால் முதலில் அதைப் பாருங்கள். முகப்பு மட்டும் திறந்து மற்ற எல்லாமே 404 என்று வந்தால், லோக்கலில் இருந்தது அப்பாச்சி, அங்கே இருப்பது என்ஜின்எக்ஸ் என்ற வேறு சர்வர் நிரல் என்பது காரணமாக இருக்கலாம். முகவரி விதிகள் இருக்கும் அப்பாச்சியின் எச்டிஅக்சஸ் கோப்பை என்ஜின்எக்ஸ் படிப்பதே இல்லை. விதிகளை அதன் அமைப்பிலேயே எழுத வேண்டும்.

டேட்டாபேஸில் பழைய முகவரியை மாற்றுவதுதான் ஆபத்தான கட்டம். எடிட்டரில் டேட்டாபேஸ் கோப்பைத் திறந்து 'தேடு, மாற்று' கொடுத்தால் என்ன ஆகும்? விட்ஜெட், தீம் அமைப்புகள் போன்றவற்றைப் பிஎச்பி நீள எண்ணோடு சேர்த்துச் சேமிக்கிறது. 8080 போர்ட்டோடு சேர்ந்த லோக்கல்ஹோஸ்ட் முகவரி 21 எழுத்து என்றால், அதன் முன்னால் 21 என்றும் எழுதியிருக்கும். முகவரியை மட்டும் மாற்றினால் எண் பொருந்தாது. பிஎச்பி அந்தத் தரவு முழுவதையும் செல்லாது என்று தள்ளிவிடும், சைடுபார் காலியாகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் கொடுமை. வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளை வரியில் இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடு-மாற்று கட்டளை இந்த எண்களையும் சேர்த்தே திருத்தும். முதலில் ஒத்திகையாக ஓட்டிப் பார்க்கவும் அதில் வசதி உண்டு.

எதிர்த் திசையில், ஓடும் தளத்தின் டேட்டாபேஸை லோக்கலுக்குக் கொண்டுவரும்போது மின்னஞ்சலை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சோதனைக்குப் போடும் பதிவுக்கு உண்மையான சந்தாதாரர்களுக்கு அறிவிப்பு போகும். அப்புறம், லோக்கலில் வேலை செய்தபோது ரீடிங் அமைப்பில் தேடுபொறிகள் வரவேண்டாம் என்ற பெட்டியை டிக் செய்திருப்போம். டேட்டாபேஸோடு அதுவும் புதிய சர்வருக்கு வந்திருக்கும். அந்த டிக்கை எடுத்துவிட்டு, பக்கத்தின் மூலத்தில் தேடுபொறிகளைத் தடுக்கும் 'நோஇன்டெக்ஸ்' குறி இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கேஷ் பிளகின் ஏதாவது ஓடினால் அதைக் காலி செய்த பிறகு.